வாஷ் பாட்டிலில் ஊற்றிய நல்ல தண்ணீர்

பாளையம்பட்டி,
3.11.2025

அன்பு மகள் அனுசியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையொன்றுமில்லாமல் இருக்கிறோம். அதுபோல நீயும் மாப்பிள்ளை பாண்டீஸ்வரனும் பேத்தி ரோஷினியும் அந்தப் பனியிலும் குளிரிலும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் கோடு போட்ட தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு இதைச் சொல்ல வராது, அதுதான் காரணம். தபாலில் போட்டால் கனடா வந்து சேர மூன்று வாரமாகும், உனக்கோ பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், யாரிடமும் கொடுக்காமல் நானே எடுக்கப் பழகிக்கொண்டேன், கோணலாக இருந்தால் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொள். பாதியில் நிறுத்திவிட்டுப் போன் போடாதே, முழுசாகப் படி.

இங்கே ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. மொட்டைமாடியில் நான் வைத்திருக்கும் தகர டப்பாவில் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன், போன மாசம் ஒரே வாரத்தில் நாற்பத்தொரு மில்லிமீட்டர். குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் உன் அம்மா, "காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சு கெடக்கு, மழை பெஞ்சிருக்குன்னு தெரிய ஒங்களுக்கு ஸ்கேலு வேற வேணுமாக்கும்" என்று சத்தம் போட்டாள். ரிட்டயர்டு ஆகி ஐந்து வருஷமாகியும் லேப் புத்தி போகவில்லை, என்ன செய்ய. உன் தம்பி விஜயபாண்டி பந்தல்குடியில் லோடு வண்டி ஓட்டுகிறான், குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் லோடு கொட்டும் என்று இப்போதே கனவு காண்கிறான், ஆனால் மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட மாட்டேன் என்கிறான், நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். குழாயில் நல்ல தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிறது, உன் அம்மா முன்போலவே குடம் குடமாகப் பிடித்துத் துணி கட்டி மூடி வைக்கிறாள். குளிக்கத் துவைக்க அதே பழைய போர்த் தண்ணீர்தான், பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிப்போகிறது. இந்தத் தண்ணீர்ப் பேச்சை மட்டும் மனசில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் கட்டிலில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன், தூங்கவில்லை. குடிதண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு உங்கள் ஊரில் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, மாப்பிள்ளை வற்புறுத்தி விண்ணப்பம் போட வைத்தார், இடமும் கிடைத்துவிட்டது, ஆனால் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாய். ஏன்டி என்று அம்மா கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, "எனக்கும் டெஸ்ட் டியூபுக்கும் ஆகாதும்மா, அது ப்ளஸ் டூவுலயே தெரிஞ்சுபோச்சே. கண்ணு முன்னால இருக்கறதையே சரியாப் பாக்கத் தெரியாதவ, ஊரு குடிக்கிற தண்ணியப் பாத்துச் சொல்லப்போறேனாக்கும்" என்றாய். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பதினாறு வருஷத்தில் நீ அதை மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மறக்கவில்லை, அதை நம்பிக்கொண்டே வாழ்ந்திருக்கிறாய்.

அனுசியா, உனக்கு அந்த ஸ்கூல் லேப் ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. திருச்சுழி ரோட்டைப் பார்த்த நாலு ஜன்னல், நடுவில் அமிலம் பட்டுக் கறுத்துப்போன மூன்று நீள மேஜை, சுவரோரம் கண்ணாடி அலமாரி, உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற அமோனியா. எட்டாவதோடு நின்றவன் நான். லேப் அட்டெண்டர் வேலைக்கு வந்த புதுசில் எனக்கு எல்லாப் பாட்டிலும் ஒன்றுதான், மூடி உடையாமல் கழுவி அடுக்கத் தெரியும், அவ்வளவே. நீ பதினொன்றாவது வந்த பிறகுதான் எனக்குப் படிப்பே வந்தது. ஸ்கூல் விட்டதும் நான் பூட்டுகிறவரை அந்த உயர ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு லேபிளாக எனக்குப் படித்துக் காட்டுவாய். நான் பொட்டாசியத்துக்குப் பதிலாக ஏதாவது உளறினால், "ஏப்பா, இது நம்ம வீட்டுப் பேரு இல்ல, இஷ்டத்துக்குச் சுருக்குறதுக்கு" என்று கடிவாய். பியூரெட் குழாயில் அளவு பார்க்கும்போது வளைந்து நிற்கிற தண்ணீரின் அடி விளிம்பைத்தான் பார்க்க வேண்டும், கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் ஒரு அளவு, கீழிருந்து பார்த்தால் ஒரு அளவு என்று காட்டினாய். அன்றையிலிருந்து நம் வீட்டில் காபி டம்ளரைக்கூட நான் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றினேன். உன் அம்மாவுக்கு அப்போது ஆரம்பித்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், சிரிப்பாய். ஒருநாள் நீ பதினெட்டு கிராம் தண்ணீரை அளந்து டம்ளரில் ஊற்றி அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தாய். ஒரு மடக்குகூட இருக்காது. இதற்குப் பெயர் ஒரு மோல், இதற்குள் ஆறு போட்டுப் பக்கத்தில் இருபத்து மூன்று சைபர் போட்டால் எத்தனையோ அத்தனை துகள் இருக்கிறது என்றாய். அம்மா அதை ஒரே வாயில் குடித்துவிட்டு, "இதை ஒக்காந்து எண்ணுனானே ஒருத்தன், அவனுக்குச் சோறு போட்ட மகராசி யாருடி" என்று கேட்டாள். நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அதற்கு இன்னொரு மோல் குடித்தாய். அந்த நாளெல்லாம் திரும்ப வருமா தாயி.

அதே வருஷம்தான் நீ எனக்கு இன்னொன்றும் சொன்னாய், அதை நான் கேட்டுக்கொண்டிருந்தும் மனசில் வைக்காமல் போனதுதான் இத்தனைக்கும் வினை. தண்ணீரென்றால் எடையில் ஹைட்ரஜன் ஒரு பங்கு, ஆக்சிஜன் எட்டுப் பங்கு, எந்த ஊரில் எடுத்தாலும் அது மாறாது, மாறினால் அது தண்ணீரே இல்லை என்றாய். நான் விடவில்லை. அப்படியானால் நம் போர்த் தண்ணீர் ஏன் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது, குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் ஏன் இளநீர் மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். நீ பொறுமையாக, "தண்ணி எல்லாம் ஒன்னுதாம்ப்பா. அதுல கலந்து வர்றதுதான் வேற வேற. நாக்குக்குத் தெரியலைங்கறதால உள்ள ஒன்னும் இல்லைன்னு அர்த்தமில்ல" என்றாய். நானும் ஆமாம் போட்டேன். ஆனால் இந்தக் கரிசக்காட்டில் பிறந்தவனுக்குத் தண்ணீரில் இரண்டே ஜாதிதான், உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் என்று நாக்கு சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது.

இப்போது அந்தத் துண்டு விஷயம். அது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன், மறைத்து எழுதினால் முழுசாகாது. செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் தெரியாத ஓர் உப்பு கொடுப்பார்கள், அது என்ன உப்பு என்று சோதித்து எழுத வேண்டும். உலோகம் எது என்பதைப் பிள்ளைகள் எப்படியாவது கண்டுபிடித்துவிடும், பேரின் வால் பகுதியில், க்ளோரைடா சல்பேட்டா என்பதில்தான் தடுமாறும். எனக்கு முன்னால் இருந்த அட்டெண்டர் லேப் சாவியோடு சேர்த்து இதையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேஜை மேஜையாகத் தண்ணீர் ஊற்றப் போகும்போது துண்டு இடது தோளில் இருந்தால் க்ளோரைடு, வலது தோளில் இருந்தால் சல்பேட், கையில் சுற்றியிருந்தால் நைட்ரேட். உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஜெயக்குமார் சாருக்கும் தெரியும், அவர் அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். பரீட்சைக்கு முதல் நாள் நீ சாப்பிட்டுக்கொண்டே, "நாளைக்கு நீங்க என் டேபிள் பக்கம் வரக் கூடாது. வந்தா துண்ட வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றாய். அம்மாவுக்குக் கோபம், ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்கிற மனுஷன் பெத்த பிள்ளைக்குச் சொன்னால் என்ன என்றாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

2009 பிப்ரவரி, வெயில் அப்போதே காய ஆரம்பித்துவிட்டது. லேப்பில் தண்ணீர் காய்ச்சி வடிக்கிற மெஷின் ரொம்ப நாளாக ரிப்பேர், பரீட்சைக்கு வேண்டிய சுத்தத் தண்ணீரை அருப்புக்கோட்டையில் பேட்டரிக் கடையில் கேன் கேனாக நான்தான் வாங்கி வருவேன். அந்தத் தடவை டிவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு கேன் கட்டி வந்ததில், பாளையம்பட்டி வேகத்தடையில் தூக்கிப்போட்டு ஒரு கேன் அடியில் கீறல் விட்டுவிட்டது. நான் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், கடைசி பேட்ச், உன் பேட்ச், உப்பைக் கரைக்க மேஜைக்கு மேஜை வைக்கிற வாஷ் பாட்டிலை நிரப்பலாமென்று கேனைத் தூக்கினால் காற்றாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மணியைப் பார்க்கிறார், பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். டவுனுக்குப் போய்வர நேரமில்லை. போர்த் தண்ணீரை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை, அது உப்பு, கெடுத்துவிடும் என்று தெரியும். அப்போதுதான் ஆசிரியர் அறையில் இருந்த குடம் கண்ணில் பட்டது. தேர்வாளர் குடிப்பதற்கென்று உன் அம்மா ஒன்பது நாள் பாதுகாத்து, காலையில் அனுப்பிய தாமிரபரணித் தண்ணீர். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், கற்கண்டாக இருந்தது. என் மகள் பரீட்சை எழுதுகிற மேஜைக்கு இதைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று நினைத்து, சந்தோஷமாக, ஆமாம் அனுசியா, சந்தோஷமாகத்தான், எல்லா வாஷ் பாட்டிலிலும் அதை ஊற்றினேன். குழாய்த் தண்ணீருக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுகிறார்கள் என்பதோ, ஆற்றுத் தண்ணீரிலேயே கொஞ்சம் க்ளோரைடு உண்டு என்பதோ, நாக்குக்குத் தெரியாதது உள்ளே இருக்கும் என்று நீயே எனக்குச் சொன்னதோ, ஒன்றும் அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை.

நீ ஜன்னலோர மேஜையில் எனக்கு முதுகு காட்டி நின்றாய். நான் துண்டோடு மற்றவர்களைச் சுற்றி வந்தேன். எல்லாரும் நான் சொன்னதை எழுதினார்கள், நீ மட்டும் சோதனைக் குழாயில் கண்டதை எழுதினாய். உன்னுடையது ஜிங்க் சல்பேட். நீ ஜிங்க் க்ளோரைடு என்று எழுதியிருந்தாய். சாயங்காலம் திருத்தி முடித்ததும் ஜெயக்குமார் சார் வராந்தாவில் நின்று, "என்ன கோட்டைச்சாமி, ஊருக்கெல்லாம் சொல்லிட்டு ஒம்மகளுக்குச் சொல்லாம விட்டுட்டியே, கோட்டை விட்டிருச்சே பிள்ளை" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் நீ தூணுக்குப் பின்னால் நின்றாய். வீட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "பாத்ததுமே சல்பேட்டுன்னு மனசுல பட்டுச்சுப்பா. ஆனா மனசுல பட்டதை எழுதக் கூடாதுல்ல. சில்வர் நைட்ரேட் விட்டா வெள்ளையா வருது. தயிரு மாதிரி திரளல, நீத்துப்போன மோரு மாதிரி இருந்துச்சு. மூணு தடவ செஞ்சேன், மூணு தடவயும் அப்படியேதான் வந்துச்சு. ஒன்னு வந்துட்டா அதோட நிறுத்தச் சொல்லியிருக்காக, அடுத்ததுக்குப் போகல" என்றாய். உப்பில் க்ளோரைடு இருந்தால் தயிராகத் திரளும். மோர் மாதிரி மங்கினால் எங்கிருந்தோ கொஞ்சமாக வந்து கலந்திருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷம் குழாய் கழுவியவனுக்கு அது தெரியாதா? கேட் திறந்துவிட்டது, பின்னால் பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான், எனக்கு வண்டியை எடுக்கக் கை வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் லேப்பைத் திறந்து இரண்டு குழாய் எடுத்தேன். ஒன்றில் கீறல் கேனின் மூலையில் தேங்கியிருந்த பேட்டரிக் கடைத் தண்ணீர், இன்னொன்றில் அம்மாவின் குடத்துத் தண்ணீர். இரண்டிலும் கொஞ்சம் அமிலம், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட். முதலாவது கண்ணாடி மாதிரி நின்றது. இரண்டாவது மோர். மதிப்பெண் பட்டியல் சீல் வைக்காமல் ஆபீஸ் மேஜையில் பதினோரு மணிவரை இருந்தது. நான் அந்த இரண்டு குழாயையும் ஸ்டாண்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசல்வரை போனேன். போய் நின்றேன். தண்ணீர்தான் தப்பு என்று சொன்னால், அப்படியானால் மற்ற பிள்ளைகள் எப்படிச் சரியாக எழுதினார்கள் என்று கேட்பார்கள். துண்டு வெளியே வரும். அந்தப் பிள்ளைகளின் மார்க் போகும் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். என் வேலை போகும் என்றுதான் பயந்தேன். திரும்பி வந்து குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உன் அப்பா கோழை, அனுசியா. வேறு எப்படி எழுதினாலும் அதுதான் வரும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மதுரையில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை நீ அம்மாவிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னாய், பி.காம். போதும் என்றாய். அந்த பி.காம். விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். அடுத்த வருஷத்திலிருந்து நான் லேப்புக்குத் துண்டு கொண்டுபோகவில்லை, வியர்வையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன், ஏன் என்று கேட்டவர்களிடம் துண்டு தொலைந்துபோச்சு என்றேன். ஜூன் மாதம் ஜெயக்குமார் சார் எடுக்கிற முதல் பாடம் ஒன்று உண்டு. ஒரு குடுவைக்குள் ஒரு திரவம், நூலில் கட்டித் தொங்கவிட்ட சின்னக் குழாய்க்குள் இன்னொரு திரவம், கார்க் வைத்து இறுக்க மூடித் தராசில் வைப்போம். பிறகு குடுவையைச் சாய்த்தால் இரண்டும் கலந்து வெள்ளையாகும். மறுபடி எடை போட்டால் இம்மி மாறாது, மூடி இருக்கிறவரை எதுவும் எங்கேயும் போகாது என்பார். வருஷா வருஷம் அந்தக் கார்க்கை அழுத்தி வைத்தவன் நான். ஒவ்வொரு ஜூனுக்கும் அந்தத் தராசைப் பார்க்கும்போது நீதான் நினைவுக்கு வந்தாய்.

உன் போன் பேச்சைக் கேட்ட மறுநாளே ஸ்கூலுக்குப் போனேன். உன்னோடு படித்த தேவிபிரியா, நெசவுக்காரர் வீட்டுப் பெண், உன் பக்கத்து மேஜையில் நின்றவள், இப்போது அங்கேதான் கெமிஸ்ட்ரி டீச்சர். குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடும்மா என்றேன். விட்டாள். அதே மோர். எதற்குப்பா என்று கேட்டாள், சொல்லிவிட்டேன். பதினாறு வருஷத்தில் வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் அந்தக் குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கொடுத்தது மெக்னீசியம் சல்பேட்டுப்பா. என் டியூப்லயும் வெள்ளையாத்தான் வந்துச்சு. நான் ஒங்க வலது தோளைப் பாத்தேன், டியூப அப்படியே சிங்க்ல ஊத்திட்டு சல்பேட்டுன்னு எழுதிட்டேன். அந்த மார்க்க வச்சுத்தான் காலேஜுல சேந்தேன். அனுசியா நிக்க வேண்டிய எடத்துல நான் நிக்கேன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வேண்டாம்மா, நீ நல்லாத்தானே பாடம் நடத்துகிறாய் என்றேன். உன் நம்பரைக் கேட்டாள், கொடுத்திருக்கிறேன், போன் செய்தால் எடுத்துப் பேசு.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை, புரிந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என் கொடத்துத் தண்ணியா" என்றாள். அதை மூன்று தடவை சொன்னாள். பிறகு, "எம்பிள்ளைய இத்தனை வருசம் மக்குன்னு நம்ப வச்சுட்டீகளே, ஒங்களுக்கு நெஞ்சு இருக்கா. மொதல்ல அவளுக்கு எழுதுங்க, பெறகு எங்கிட்டப் பேசுங்க" என்றாள். அன்றிலிருந்து பேச்சில்லை. மழை டப்பாவுக்குச் சத்தம் போட்டதெல்லாம் அதற்கு முந்தி. இப்போது காபி டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் ணங்கென்று வைக்கிறாள், கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, பேசாமல் குடித்துவிடுகிறேன். அவள் கோபம் நியாயம். நீ கோபப்பட்டாலும் நியாயம்தான். இதைப் படித்துவிட்டு ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன், ரோஷினியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை போனில் காட்டு.

அந்தப் படிப்பில் சேர், சேராதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. அது உன் இஷ்டம், மாப்பிள்ளையோடு கலந்து முடிவு செய். வேலை, வீடு, குழந்தை, பனி என்று ஆயிரம் காரணம் இருக்கலாம், அதில் எதைச் சொல்லி வேண்டாமென்றாலும் சரி. ஆனால் "எனக்குக் கண் போதாது" என்கிற காரணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே. அது உன்னுடைய காரணமில்லை, நான் உன் தலையில் ஏற்றிவைத்தது, இறக்கிவிடு. ஜெயக்குமார் சார் ஒன்று சொல்வார், "மூணு தடவையும் ஒரே அளவு வந்தா கை சுத்தம்னு அர்த்தம், அளவு சரின்னு அர்த்தமில்ல. தராசே கோணலா இருந்தா சுத்தமான கையும் கோணலாத்தான் காட்டும்." உன் கை சுத்தமாகத்தான் இருந்தது. அந்த லேப்பில் அன்றைக்கு இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் குழாயைக் குனிந்து பார்த்து, கண்டதை எழுதியது நீ ஒருத்திதான். தயிரா மோரா என்றுகூடப் பிரித்துப் பார்த்திருக்கிறாய், பதினேழு வயதில். தண்ணீரைச் சோதிக்க அதைவிட என்ன கண் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ரோஷினிக்குத் தமிழ் எழுத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள், வாரம் ஒரு பக்கமாவது எழுதட்டும். நீ காதை மூடாமல் வெளியே போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், குல்லாய் போட்டுக்கொள், தலைவலி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல், விண்ணப்பம் போட வைத்ததற்கு அவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றும் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், மனசில் பாரமில்லாமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுதல். நீ சேர்ந்தால், முதல் நாள் உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை ஒரு டெஸ்ட் டியூபில் பிடித்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார். என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுது. நீ எழுதுவதை நான் அப்படியே நம்புவேன். அன்றைக்கும் நீ பார்த்தது சரி, எழுதியதும் சரி, உன் குழாயில் இருந்தது க்ளோரைடுதான் தாயி, அதை ஊற்றியவன் நான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. கோட்டைச்சாமி